இன்சுலின் செடியில் இன்சுலின் கிடையாது

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பல வீட்டு முற்றத்திலும் இன்சுலின் செடி நிற்கிறது. ஆசைக்கு வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சர்க்கரை நோய்க்கு என்று தினமும் இரண்டு இலையை மென்றுவிட்டு, ஃபிரிட்ஜில் கிடக்கும் இன்சுலினைத் தொடாமல் இருக்கிறீர்களே, அதுதான் வினை. வாந்தி, வயிற்றுவலி, வேகமூச்சு என்று கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி வருபவர்களிடம் விசாரித்தால், "ஊசியை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு, இலைதான்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது.

'இன்சுலின்' என்பது அந்தச் செடிக்கு நாம் வைத்த பட்டப்பெயர். இன்சுலின் கணையம் சுரக்கும் புரதம். இலையில் அது இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. 51 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதத்தை, மத்தி மீனைச் செரிப்பதுபோலவே வயிறு செரித்துவிடும். இன்சுலின் குப்பியை அப்படியே குடித்தாலும் சர்க்கரை இறங்காது. நீங்கள் விழுங்கும் சர்க்கரை மாத்திரை வேறு மருந்து, இன்சுலின் அல்ல. இலை சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்குமா என்பது தனி வாதம். இன்சுலின் இல்லாமல் முடியாத உடம்புக்கு அந்த வாதத்தால் என்ன லாபம்?

ஊசியில்லாத வழி நிஜமாகவே ஒன்று உண்டு: மூச்சில் இழுக்கும் பொடி இன்சுலின். 2006-இல் வந்த எக்ஸுபெரா மறு ஆண்டே சந்தையை விட்டுப் போனது. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃப்ரெசாவுக்கு இந்திய அனுமதி கிடைத்தது 2024 டிசம்பரில். பொடி அடைத்த 4, 8, 12 யூனிட் கேட்ரிட்ஜ்களாக வரும். நடுவில் 6 யூனிட் போட வழியில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10 நிமிடம் வெளியே வைத்து, சாப்பாடு தொடங்கும்போது இழுக்க வேண்டும். கேட்ரிட்ஜை மாட்டியபின் இழுக்கும் கருவியைக் கவிழ்க்கவோ குலுக்கவோ கூடாது. ஆஸ்துமா பம்பைக் குலுக்கிப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். பொடி கொட்டினால் புது கேட்ரிட்ஜ்தான். கருவியைக் கழுவாதீர்கள், 15 நாளில் மாற்றுங்கள்.

இது சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) என்றால் நீண்டநேர இன்சுலின் ஊசி கண்டிப்பாகத் தொடரும்.

ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் திடீரென இறுகிவிடலாம், கூடவே கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், விட்டு 6 மாதம் ஆகாதவர்களுக்கும் வேண்டாம். தொடங்குமுன் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை, 6 மாதத்தில் மறுபடி, பிறகு வருடா வருடம். முந்திரி ஆலையிலும் ரப்பர் ஷீட் புகைக்கூட்டிலும் வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி வலிக்கிறது என்பவர்கள் முதலில் ஊசியைப் பாருங்கள். ஒன்றையே பத்து நாள் குத்தினால் முனை மழுங்கும், வலிக்கத்தான் செய்யும். ஸ்பிரிட் காயுமுன் குத்தினால் எரியும். ஜில்லென்று போட்டால் கடுக்கும். 4 மில்லிமீட்டர் பேனா ஊசி, ஒவ்வொரு தடவையும் புதிது, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு இடம் மாற்றி மாற்றி. ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.