ஃபர்ம்வேரை மாற்றினால் குவாம் தெரியுமா?

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை, அதுவும் பழையதை, தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கமிருந்து கேபிள் ஆபரேட்டர்கள் என்னிடம் வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, நெட்ல ஒரு ஃபைல் கிடக்குல்லா, அத ஏத்துனா பூட்டிக் கெடக்க ஆப்ஷன் எல்லாம் தெறந்துருமாம். டிஜிட்டல் சிக்னலயும் பாத்துரலாமாம். ஏத்தித் தாரீயளா?"

ஏற்றித் தரமாட்டேன். ஆனால் அவர்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. விலை குறைந்த அனலைசர்களில் ஒரே போர்டை இரண்டு மூன்று மாடலாக விற்பது உண்டு. வித்தியாசம் உள்ளே இருக்கும் ஒரு சாவி எண் மட்டும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினால் மேல் அதிர்வெண் எல்லை உயரும், இன்னும் குறுகிய ஆர்.பி.டபிள்யூ. (ஒரு நேரத்தில் அளக்கும் அதிர்வெண் அகலம்) கிடைக்கும், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் முழித்துக்கொள்ளும். ஹார்ட்வேரில் ஏற்கெனவே இருப்பது வெளியே வரும், அவ்வளவுதான். இல்லாதது வராது. டிஜிட்டல் மாடுலேஷனை, அதாவது அலையில் தகவலை ஏற்றியிருக்கும் விதத்தை, அலசும் திறன் பெரும்பாலான பழைய பெட்டிகளில் இல்லாத சரக்கு.

ஸ்வெப்ட் வகை அனலைசர் ஒரு ஆசிலேட்டரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு வலு இருக்கிறது என்று வடிகட்டி அளக்கிறது. கடைசியில் இருக்கும் டிடெக்டர் உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்னும் ஃபேஸைத் தூக்கி எறிந்துவிடும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் எந்தப் பக்கம் இரைச்சல் அதிகம் என்று சொல்லலாம், யார் என்ன பேசினார் என்று சொல்ல முடியாதல்லவா, அப்படி. நம் கேபிளில் ஓடும் 64 குவாம் என்ற டிஜிட்டல் மாடுலேஷனோ உயரம், ஃபேஸ் இரண்டிலும் தகவலை வைத்திருக்கிறது. ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் அலை நிலைக்கு, 6 பிட். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 68 லட்சத்து 75 ஆயிரம் சிம்பல். பெருக்கினால் 41.25 மெகாபிட். 204 பைட்டுக்கு 16 பைட் ரீட்-சாலமன் பிழைதிருத்தத்துக்குப் போக, 38 மெகாபிட் மிஞ்சும். இதைப் பிரித்துப் பார்க்க அந்த 8 மெகாஹெர்ட்ஸையும் ஒரே நேரத்தில் ஐ-கியூ சாம்பிளாக (உயரம், ஃபேஸ் இரண்டையும் காக்கும் ஜோடி எண்களாக) பிடிக்கும் ரிசீவர் வேண்டும். ஒரு ஃபைலை ஏற்றி அதைச் செய்துகொள்ள வழியில்லை.

பூட்டைத் திறக்காமலே பெட்டியைத் தப்பாகப் படிப்பதுதான் இங்கே அதிகம். அனலாக் காலத்தில் மார்க்கரை உச்சியில் வைத்து லெவலை எழுதிக்கொண்டோம். படத்தைச் சுமக்கும் பிக்சர் கேரியர் அலை ஊசி மாதிரி நிற்கும், அதனால் சரியாக வந்தது. டிஜிட்டல் சேனலில் வலு கிட்டத்தட்ட 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பரவிக் கிடக்கிறது. ஆர்.பி.டபிள்யூ. 300 கிலோஹெர்ட்ஸ் என்றால் மார்க்கர் காட்டுவது உண்மையைவிடச் சுமார் 13.6 டிபி (டெசிபல்) குறைவு. 30 கிலோஹெர்ட்ஸ் என்றால் 23.6 டிபி குறைவு. டிடெக்டர் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அந்த எண்ணைப் பார்த்து "லெவலே இல்ல" என்று ஆம்ப்ளிஃபையரை ஏற்றிவிட்டால், அது திணறி, ஊர் முழுக்கப் படம் கட்டம் கட்டமாக உடையும். சேனல் முழுவதின் வலுவையும் கூட்டிக் காட்டும் சேனல் பவர் அளவீட்டைத்தான் போட வேண்டும். அனலைசர் உள்ளீடு பெரும்பாலும் 50 ஓம், கேபிள் 75 ஓம். இரண்டையும் பொருத்தும் மேட்சிங் பேடு போட்டால் 5.7 டிபி அதிலே போய்விடும், கூட்டிக்கொள்ளுங்கள். வலு அளவான டிபிஎம்மிலிருந்து மின்னழுத்த அளவான டிபி மைக்ரோவோல்ட்டுக்கு மாற்ற 75 ஓமில் 108.75 கூட்ட வேண்டும், 107 இல்லை. 107 என்பது 50 ஓம் கணக்கு. முக்கியக் கேபிளான ட்ரங்க் லைனில் ஆம்ப்ளிஃபையருக்கான ஏ.சி. மின்சாரமும் சேர்ந்து ஓடும், அதில் நேராகச் சொருகினால் அனலைசரின் உள்ளீடே போய்விடும்.

குற்றாலச் சாரல் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை லைன்களில் புகார் கூடும். கனெக்டருக்குள் ஈரம் இறங்கி ஷீல்டு அரித்துப்போகும். வெளி அலை உள்ளே நுழையும். மொபைல் சேவையின் 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் டவரிலிருந்து வரும் பகுதி 758 முதல் 803 வரை. அது நம் கேபிள் சேனல்களின் நடுவில்தான் விழுகிறது. அந்தச் சில சேனல் மட்டும் உடைந்து மற்றவை பளிச்சென்று இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் குவாம் மேட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இந்த அலையை ஸ்பெக்ட்ரம் காட்டாது. சேனல்கள் கிளம்பும் நிலையமான ஹெட்எண்டில் அந்தச் சேனலைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் தெரியும்.

சிம்பல்களைப் புள்ளிகளாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் படம் இருந்தால் நிறுத்தவே வேண்டாம். 64 புள்ளியும் ஒரே சீராக உப்பினால் இரைச்சல், அல்லது இரைச்சல் போன்ற மொபைல் அலை. ஒவ்வொரு புள்ளியும் வளையமாக மாறினால் ஒற்றை அதிர்வெண் ஏதோ நுழைந்திருக்கிறது. ஓரப் புள்ளிகள் மட்டும் வில் போல இழுபட்டால் ஆசிலேட்டரின் ஃபேஸ் இரைச்சல். நான்கு மூலையும் உள்ளே ஒடுங்கினால் ஆம்ப்ளிஃபையர் முட்டுகிறது, குறையுங்கள். புள்ளிகள் தம் இடத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் எம்.இ.ஆர். (கூடினால் நல்லது) குறைந்து 26 டிபியை நெருங்கினாலே 64 குவாம் தடுமாறும். வீட்டுப் பெட்டி வாசலில் 30-க்குக் கீழே இருந்தால் நான் அந்த லைனை விடுவதில்லை. இதற்கெல்லாம் குவாமைப் பிரிக்கும் டிமாடுலேட்டர் சிப் உள்ள, கேபிள் டிவிக்கான கையடக்க டிவிபி-சி மீட்டர் போதும். பழைய அனலைசருக்குக் கொடுக்கிற காசை இதில் போடலாம் என்பது என் கருத்து.

அனலைசர் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்த அட்டவணை உண்டு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அளந்து நினைவகத்தில் எழுதி அனுப்புகிறார்கள். வேறொரு பெட்டியிலிருந்து எடுத்த முழு இமேஜை (நினைவக நகலை) ஏற்றினால் இது அழிந்துபோகலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கோடு அழகாகத்தான் ஓடும், எண் மட்டும் பொய். ஹெட்எண்டுக்காரருக்கும் உள்ளூர் ஆபரேட்டருக்கும் லெவல் தகராறு வந்தால் அந்தப் பெட்டியின் அளவை யார் ஏற்பார்? ஆய்வகங்களைச் சோதித்து ஏற்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து மறுபடி அளந்து வாங்கினால்தான் உண்டு. சட்டமும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. கூலி வாங்கிச் செய்துவிட்டு நோக்கம் இல்லை என்று நான் வாதாட முடியுமா?

ஃபர்ம்வேரில் கை வைத்துப் பார்க்கும் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு டைனிஎஸ்ஏ என்ற சின்ன அனலைசர் இருக்கிறது. மூல நிரலே திறந்தது, மாற்றி எழுதி யு.எஸ்.பி. வழியே ஏற்றலாம். அதுவும் ஸ்வெப்ட் வகைதான், குவாமைப் பிரிக்காது. மாடுலேஷன் படிக்க வேண்டும் என்றால் ஆர்டிஎல் குச்சி என்ற யு.எஸ்.பி. ரிசீவர் வாங்குங்கள். 8 பிட், நொடிக்குச் சுமார் 24 லட்சம் சாம்பிள். கேபிள் சேனலுக்குப் பற்றாது. ஆனால் 865 மெகாஹெர்ட்ஸ் உரிமமில்லாப் பேண்டில் ஓடும் 125 கிலோஹெர்ட்ஸ் லோரா (சென்சார்கள் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) சிக்னலுக்குத் தாராளம். ஹேக்ஆர்எஃப் என்ற ரேடியோ பெட்டி நொடிக்கு 2 கோடி சாம்பிள் எடுக்கும். குனு ரேடியோ என்ற மென்பொருளோடு சேர்த்தால் 64 குவாம் கான்ஸ்டலேஷனையே வரைந்துவிடலாம். கல்லூரிப் பிள்ளைகள் கற்க நல்லது. அந்த எம்.இ.ஆர். எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், 8 பிட்டும் அதன் சொந்த இரைச்சலும் கலந்த எண் அது.

எந்தப் பெட்டியானாலும், தயாரிப்பாளர் தரும் முறையான அப்டேட்டே ஆனாலும், ஏற்றும் முன் பதிப்பு எண், சீரியல் எண் காட்டும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். திருத்தக் கோப்பை எடுக்க வழி இருந்தால் பென் டிரைவில் எடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். ஏற்றிய பின் உள்ளிருக்கும் கேலிப்ரேஷன் வெளியீட்டை உள்ளீட்டில் இணைத்து, ஏற்றுவதற்கு முன் எழுதி வைத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.