கிலோமீட்டரை வகுத்துப் பயண நேரம் போடாதீர்கள்

என்னிடம் விமான டிக்கெட் போட வருகிறவர்களில் பலர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களைத் தட்டினால் தூரம் வந்துவிடும், அதை விமான வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்தால் பயண நேரம். இதை நம்பி, இறங்கிய ஊரிலிருந்து அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாக மலிவில் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. சிக்கலே அங்கேதான்.

இணையம் காட்டும் தூரம் பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழி. விமானம் அதிலேயே போகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ இணையத்தில் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகப் பறந்தபோது அது 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே, பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினாலரை மணி நேரம் ஆயிற்று! மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். அப்போது திரும்பியது அட்லாண்டிக் வழி, அதுவும் கிழக்கு நோக்கியே. போய் வந்தால் உலகையே ஒரு சுற்று சுற்றிய கணக்கு.

காற்றையாவது ஓரளவு கணிக்கலாம், அரசியலைக் கணிக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க வேண்டியதாயிற்று.

அடுத்து, டிக்கெட்டில் இருக்கும் நேரம். புறப்பாடு அந்த ஊர் மணி, இறங்குவது இந்த ஊர் மணி. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு முதல் நேரடி விமானம் சனிக்கிழமை இரவு எட்டரைக்குக் கிளம்பித் திங்கள் அதிகாலைதான் இறங்கியது. பறந்தது சுமார் 17 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையே மகளை அழைக்க விமான நிலையம் போய் நிற்கும் அப்பாக்களுக்காகவே இதைச் சொல்கிறேன். கலிபோர்னியா நமக்குக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும், கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கும். டிக்கெட்டில் 'மொத்தப் பயண நேரம்' என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். போவதும் வருவதும் ஒரே அளவாக இருக்காது.

பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவது என்பதை இந்த மொத்த நேரத்தைக் காட்டி மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியையும் எடுத்து, பொதுவாக மறுபடி ஒப்படைக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் நேரமாகும். தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதித்ததற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அப்படி வருகிறவர்களுக்கு நான் நான்கு மணி நேர இடைவெளிக்குக் குறைந்து போட்டுத் தருவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி.