புகையை மேலே தள்ளுவது யார்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு அறை உள்ள சின்ன ஓட்டு வீடு. குளிருக்காக இரும்பு விறகு அடுப்பு ஒன்றை வாங்கி வைத்து, குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, வெளிச்சுவரை ஒட்டியே கூரை வரைக்கும் ஏற்றியிருக்கிறார். சாயங்காலம் ஒழுங்காக எரிகிற அடுப்பு, விடியற்காலையில் பற்றவைத்தால் மட்டும் புகை முழுவதையும் வீட்டுக்குள் கக்குகிறதாம். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, அடுப்பு அக்னி மூலையில் இல்லை, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியென்றால் சாயங்காலம் மட்டும் மூலை மாறிவிடுகிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. லேசான பொருள் தன் பாட்டுக்கு மேலே ஏறாது, அதைவிடக் கனமான ஒன்று கீழே புகுந்து தள்ள வேண்டும். புகைக்குழாய்க்குள் இருக்கும் சூடான காற்றுத் தூணை மேலே தள்ளுவது வெளியே நிற்கும் குளிர்ந்த காற்றுத் தூண். அது அறைக்குள் நுழைந்து, அடுப்பின் வாய் வழியாகப் புகுந்து, தன்னைவிட மெல்லியதை முட்டி மேலே அனுப்புகிறது. குழாய் எதையும் உறிஞ்சுவதில்லை.

எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராது. 20 டிகிரி காற்று கன மீட்டருக்கு 1.2 கிலோ, 200 டிகிரியில் சுமார் 0.75 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் 0.45. குழாய் 4 மீட்டர் உயரம் என்றால், அந்த வித்தியாசத்தைப் புவியீர்ப்பாலும் (9.8) உயரத்தாலும் பெருக்க வேண்டும்: 0.45 × 9.8 × 4, ஏறக்குறைய 18 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். இளநீர்க் கடை ஸ்ட்ராவில் தண்ணீரை 2 மில்லிமீட்டர் உயர்த்தக்கூட இந்தப் பலம் போதாது! சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் காற்றே மெல்லியது என்பதால் இன்னும் குறையும். இந்த அற்ப பலத்தை நம்பித்தான் வீட்டுக்குள் தீ மூட்டிவிட்டுத் தூங்குகிறோம்.

பலம் இவ்வளவு குறைவாக இருப்பதால், எது வேண்டுமானாலும் அதைத் தோற்கடித்துவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். அதைவிட நுட்பமான எதிரி வீடுதான், ஏனென்றால் வீடும் ஒரு புகைக்குழாய். இரவெல்லாம் ஆட்கள் தூங்கிய வீட்டின் உள்ளே வெளியைவிட வெதுவெதுப்பு, அந்த வெதுவெதுப்பான காற்று ஓட்டு இடுக்கு வழியாக மேலே கசிந்துகொண்டே இருக்கும், கசிந்த அளவுக்கு எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும், ஜன்னலையெல்லாம் குளிருக்காக இறுக்கிச் சாத்தியிருக்கிறோம், மிச்சம் இருக்கும் ஒரே வழி அந்தப் புகைக்குழாய். வெளிச்சுவரில் நின்று பனியில் நனைந்த குழாய்க்குள் இருக்கும் காற்றும் வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்து கனத்திருக்கிறது, கீழே இறங்க அதற்குக் கசக்குமா? நீங்கள் தீக்குச்சி உரசும்போது குழாய் ஏற்கனவே தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் பகல் வெயிலில் குழாய் காய்ந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த இடத்தில் பெஞ்சமின் பிராங்க்ளினும் வழுக்கியிருக்கிறார். 1740களில் அவர் வடிவமைத்த அடுப்பில் புகை முதலில் கீழே இறங்கி, பிறகுதான் மேலே ஏற வேண்டும். குழாய் நன்றாகச் சூடேறும்வரை அது இழுக்கவே இழுக்காது. காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று மறுத்தவர் என்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை குறையவில்லை. பிறகு டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற அமெரிக்க வானியலாளர் அந்த வளைவை மாற்றியமைத்த பிறகுதான் அடுப்பு உருப்படியாக எரிந்தது.

சரி, கோத்தகிரிக்கு வருவோம். உடனடி வழி: தாழ்வான ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் திறந்துவிட்டு, ஒரு தாளைக் கொளுத்தி அடுப்புக்குள் குழாய் வாய்க்கு நேரே பிடியுங்கள். தாளின் தீ குழாய்க்குள் இழுபட்டால் விறகை மூட்டலாம். நிரந்தர வழி: குழாயை வீட்டுக்குள்ளேயே நேராக மேலே ஏற்றிக் கூரை முகட்டுக்குப் பக்கத்தில் வெளியே விடுவது. முடியாவிட்டால் வெளியே இருக்கும் பகுதிக்காவது நடுவில் ராக்வுல் (சூட்டை வெளியே விடாத கல் நார்) அடைத்த இரட்டைச் சுவர்க் குழாய். ஆக, அடுப்புக்கு மூலை பார்க்க வேண்டுமென்றால் முகட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி உயர வேண்டும், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். முழங்கை வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மரத் தடுப்போ துணியோ 3 அடிக்குள் வேண்டாம்.

ஒரு கிலோ விறகு எரியக் குறைந்தது 5 கன மீட்டர் காற்று வேண்டும், நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு. பத்துக்குப் பத்து அறையில் மொத்தமே 25 கன மீட்டர்தான். அதனால் காற்று வர ஒரு நிரந்தரத் துளை கட்டாயம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்த செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். அதற்கு மணம் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

பராமரிப்பைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். 1980களில் தொடங்கிய மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் மூன்று கோடிக்கும் மேல் புகையில்லா அடுப்புகளைக் கட்டியதாகக் கணக்குக் காட்டி, 2002இல் நின்றுபோனது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா அடுப்பு மாதிரி நல்ல ஆராய்ச்சியும் அந்தக் காலத்தில் நடந்தது. ஆனால் கட்டியதை எண்ணிய அளவுக்கு, அடைத்துப்போன குழாயைக் குத்திவிட ஆள் இருக்கிறாரா என்று யாரும் எண்ணவில்லை. வடிவமைப்புக்கு நிதி கிடைக்கும், பிரஷ்ஷுக்குக் கிடைக்காது.

அந்த பிரஷ் எதற்கு என்றால், ஈர விறகுக்காக. பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அடுப்பு அதை ஆவியாக்கியே களைத்துப்போகும், புகை குளிரும், குழாய்ச் சுவரில் தார்போலப் படியும். இரவு முழுக்க எரியட்டும் என்று காற்றுத் திறப்பை முழுதாக மூடுகிறவர்கள் வீட்டிலும் இதே கதி. அந்தத் தார் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்), பிளந்து ஆறு மாதத்துக்கு மேல் மழை படாமல் காயவைத்து எரியுங்கள், வருடம் ஒருமுறையாவது குழாயைத் தேயுங்கள். அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் கதவைச் சுற்றி இடுக்கை அடைத்திருக்கும் கயிற்றை மாற்ற வேண்டும். சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.