பேஸ்பால் ‘மேனேஜர்’ மேலாளர் அல்லர்

பேஸ்பால் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘மேனேஜர்’ என்ற சொல் தவறாமல் ‘மேலாளர்’ ஆகிவிடுகிறது. கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்ற இலத்தீன் வேரில் பிறந்து, இத்தாலியத்தில் குதிரையைக் கையாள்வதைக் குறித்து, பின் ஆங்கிலம் புகுந்தது இச்சொல். 19ஆம் நூற்றாண்டில் பயணம், வரவு செலவு ஆகியவற்றைக் கவனித்தவரே மேனேஜர். களத்தில் அணியை நடத்தியவர் கேப்டன். அன்றைக்கு ‘மேலாளர்’ பொருந்தியிருக்கும். பிறகு களப்பொறுப்பு மேனேஜரிடமே வந்து சேர்ந்துவிட, அலுவலகப் பணி ‘ஜெனரல் மேனேஜர்’ என்பவருக்குப் போயிற்று.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜோ குரோனினின் வாழ்க்கையைப் பார்த்தால் குழப்பம் விளங்கும். ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது ஓடுபவர் தொட்டுச் செல்லவேண்டிய தளங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நின்று ஆடிய அவர், 1933இல் 26 வயதிலேயே வாஷிங்டன் அணிக்கு மேனேஜராகவும் இருந்து, அந்நாட்டின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பட்டத்தை வென்று தந்தார். பாஸ்டன் அணிக்கு மேனேஜராகப் போன பிறகு, 1943 ஜூன் 17 அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் தம்மையே மாற்று மட்டையாளராக இறக்கி, இரண்டிலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ‘ஹோம்ரன்’ அடித்தார். எந்த மேலாளர் இதைச் செய்வார்? 1947 பருவம் முடிந்ததும் அவர் ஜெனரல் மேனேஜரானார். இதை “மேலாளர் பொது மேலாளரானார்” என்று எழுதினால், வங்கிக் கிளையிலிருந்து தலைமையகத்துக்குப் பதவி உயர்வு பெற்றவர் போலத் தோன்றுமே தவிர, அவர் களத்தை விட்டே விலகினார் என்பது எவருக்கும் புரியாது.

கால்பந்துச் செய்திகளைப் பின்பற்றிச் சிலர் ‘பயிற்சியாளர்’ என்கிறார்கள். பேஸ்பாலில் பயிற்சியாளர்கள் தனியே பலர் உண்டு. முதல், மூன்றாம் தளங்களின் ஓரம் நின்றபடி, ஓடுபவருக்குச் சைகை காட்டுபவர்கள் உட்பட அவர்கள் அனைவரும் மேனேஜருக்குக் கீழ்ப்பட்டவர்கள். ‘நடத்துநர்’ பொருளளவில் நல்ல சொல்தான். ஆனால் அதைப் பேருந்து எடுத்துக்கொண்டுவிட்டது.

யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்தெறிபவரை எப்போது மாற்றுவது என்பனவற்றை ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் முடிவுசெய்பவரை ‘ஆட்ட இயக்குநர்’ எனலாம். படப்பிடிப்பில் இயக்குநரின் சொல்லே முடிவானது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் ஆட்டத்தையாவது பார்த்திருந்தால், வீரர்களின் சீருடையையே அணிந்து மைதான ஓரத்தில் அமர்ந்திருப்பவரை மேலாளர் என்று எழுதியிருக்கமாட்டார்கள். ‘பொது மேலாளர்’ என்பதை மட்டும் ஜெனரல் மேனேஜருக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் வேலை அலுவலகத்தில்தான்.