ஓசிஐ கார்டு எடுத்தா இந்தியா ஜெர்சி கிடைக்காதுங்க

போன வாரம் இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தாங்க, கூட 17 வயசுப் பையன், இந்தியாவுக்கு ஃபுட்பால் ஆடணுமாம், கையில பளபளன்னு லாமினேட் பண்ணின ஒரு பேப்பர். பையனோட தாத்தா 1947ல வேலூர்ல பொறந்தாருன்னு சொல்ற பர்த் சர்டிபிகேட், அந்த வருஷமே கொடுத்த ஒரிஜினலாம். மேல கொட்டை எழுத்துல 'வேலூர் மாவட்டம், தமிழ்நாடு'ன்னு அச்சடிச்சிருக்கு. நான் அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். 1947ல அது மெட்ராஸ் மாகாணம், தமிழ்நாடுன்னு பேர் மாத்தினது 1969ல. வேலூர் மாவட்டமும் அப்ப கிடையாது, வட ஆற்காடு. திருட்டுத்தனம் பண்றவனாவது கொஞ்சம் சரித்திரம் படிச்சிருக்கக் கூடாதா?

"இதுக்கு எவ்வளவும்மா கொடுத்தீங்க?"ன்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லல. பையன்தான் ஷூவைப் பாத்துக்கிட்டே சொன்னான், "அம்மாவோட ஸ்டாக்ஃபெல் காசு அங்கிள்". தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு, ஸ்டாக்ஃபெல்னா இங்க நம்ம ஊரு சீட்டு மாதிரி. ஒரு வருஷம் கட்டின சீட்டு.

நான் டர்பன்ல 16 வருஷமா குடியுரிமைப் பேப்பர் வேலை பாக்குறேன். ஓசிஐ (வெளிநாட்டுல இருக்கிற இந்திய வம்சாவளிக்கு இந்தியா கொடுக்குற கார்டு), ஹோம் அஃபேர்ஸ் (இங்க உள்துறை ஆபீஸ்), அன்அப்ரிட்ஜ்ட் சர்டிபிகேட் (பெத்தவங்க விவரமும் இருக்கிற முழு சர்டிபிகேட்), அஃபிடவிட், இதுதான் பொழப்பு. ஃபுட்பால் எனக்கு டிவில பாக்குற அளவுக்குத்தான் தெரியும். ஆனா இந்த ஒரு வருஷத்துல 'பையன் இந்தியாவுக்கு ஆடணும்'னு வந்த குடும்பம் இதோட நாலு. நாலு பேருக்கும் ஏதோ ஒரு ஏஜென்ட் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கான். உங்க பூர்வீகம் இந்தியா, ஓசிஐ கார்டு எடுங்க, இந்தியா டீம்ல கோல் போட ஆள் இல்ல, பையன் நேரா உள்ள போயிருவான்.

இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். 2025 நவம்பர்ல ரயன் வில்லியம்ஸ் நியூஸ் வந்துச்சு இல்ல, ஆஸ்திரேலியாவுல பெர்த்ல பொறந்து பெங்களூரு எஃப்சிக்கு ஆடுறவர், அவரை இந்தியா கேம்ப்புக்குக் கூப்பிட்டாங்க. அன்னைக்கே என் போன் அடிக்க ஆரம்பிச்சது. எல்லாரும் அந்த நியூஸ்ல பாதிதான் படிச்சிருக்காங்க. அந்த மனுஷன் ஓசிஐ கார்டைக் காட்டிக்கிட்டு உள்ள வரல, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு இந்தியக் குடிமகனா ஆனார். அவங்க அம்மா பம்பாய்ல பொறந்தவங்க. அம்மா, அதாவது ஒரு தலைமுறை. அஞ்சு தலைமுறை இல்ல.

இப்ப என்னை ரொம்பக் கடுப்பேத்துற விஷயத்துக்கு வரேன், இதை நிதானமா படிங்க. ஓசிஐங்கிற பேர்லயே சிட்டிசன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுதான் எல்லா வினைக்கும் காரணம், அந்தப் பேரை வச்ச புண்ணியவான் யாரோ. அது குடியுரிமை இல்லைங்க. ஆயுசுக்கும் செல்லுற ஒரு விசா, அவ்வளவுதான். அதை வச்சு இந்தியாவுல ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, இந்திய பாஸ்போர்ட் கிடைக்காது. இந்தியச் சட்டத்துல ரெட்டைக் குடியுரிமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, 2005ல ஓசிஐ வந்தப்பவும் கிடையாது, இன்னைக்கும் கிடையாது. ஃபிஃபா கேக்குறது பாஸ்போர்ட். கான்சுலேட்ல கொடுக்குற அந்த நீலப் புத்தகத்தை ஃபிஃபாகிட்ட நீட்டினா லைப்ரரி கார்டை நீட்டின மாதிரிதான். ஓசியில வர்ற சிட்டிசன்ஷிப்புன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பாதிப் பேர் வர்றாங்க.

உடனே யாராவது ஒருத்தர் "அப்ப விஜய் அம்ரித்ராஜ் மகன் டேவிஸ் கப் ஆடலையா?"ன்னு கேப்பார். ஆடினார். பிரகாஷ் அம்ரித்ராஜ் அமெரிக்காவுல பொறந்து இந்தியாவுக்கு டென்னிஸ் ஆடினார், உண்மைதான். அது 2008 வரைக்கும். அந்த வருஷக் கடைசில இந்திய விளையாட்டு அமைச்சகம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறவங்க மட்டும்தான் நாட்டுக்கு ஆடணும்னு சொல்லிருச்சு, அதோட கதவு மூடிருச்சு. நியூகாசில், சண்டர்லாந்துக்கெல்லாம் ஆடின மைக்கேல் சோப்ராவுக்கு இந்தியாவுக்கு ஆட ஆசை இருந்துச்சு, அப்பா வழி பஞ்சாபி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடணும்ங்கிற இடத்துல நின்னு போச்சு. 2014ல கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடினப்பவும் வெளிநாட்டு ஆளாத்தான் ஆடினார். அராத்தா இசுமி வேற மாதிரி. ஜப்பான்ல பொறந்தவர், அப்பா குஜராத்தி, ஜப்பான் குடியுரிமையை விட்டுட்டு 2012ல இந்தியர் ஆகி 2013ல இந்தியாவுக்கு ஆடினார். விட்டவர் ஆடினார், விடாதவர் ஆடல. இதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?

அடுத்தது தலைமுறைக் கணக்கு. ஓசிஐக்கு கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகலாம், அவர் இந்திய மண்ணைச் சேர்ந்தவர்னு பேப்பர்ல காட்டினா போதும். மொரீஷியஸ்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு 2024ல ஏழாவது தலைமுறை வரைக்கும் நீட்டிட்டாங்க, இங்க இருக்கிறவங்க அதைப் பாத்துப் பெருமூச்சு விடுறாங்க. ஆனா ஃபிஃபாவோட அளவுகோல் வேற. புதுசா ஒரு நாட்டுக் குடியுரிமை வாங்கி அந்த நாட்டுக்கு ஆடணும்னா நீங்க அங்க பொறந்திருக்கணும், இல்ல உங்களைப் பெத்தவங்க, இல்ல தாத்தா பாட்டி அங்க பொறந்திருக்கணும், அதுவும் இல்லன்னா நீங்களே அங்க போய் 5 வருஷம் வாழ்ந்திருக்கணும். தாத்தா பாட்டியோட சரி. கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா, பூட்டன், ஓட்டன் எல்லாம் சாமி கும்புடும்போது நெனச்சுக்கலாம், ஃபிஃபா ஃபாரத்துல அவங்களுக்கு எடம் கிடையாது.

நம்ம கதைக்கு இதைப் போட்டுப் பாருங்க. ஒப்பந்தக் கூலிங்களை ஏத்திக்கிட்டு முதல் கப்பல் ட்ரூரோ மெட்ராஸ்ல இருந்து டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புறதை நிறுத்தினது 1911ல. அந்த 50 வருஷத்துல வந்தவங்க ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தின 1913 சட்டத்துக்கு அப்புறம் புதுசா வர்ற வழி ஏறக்குறைய அடைஞ்சே போச்சு. அப்ப இன்னைக்கு 17 வயசுப் பையனோட தாத்தா எங்க பொறந்திருப்பார்? இங்க டர்பன் பக்கம் டொங்காட்ல, ஸ்டாங்கர்ல, கேட்டோ மேனர்ல. அந்த அம்மாகிட்ட "மாமனாரோட பழைய ஐடி புக்கு வீட்ல இருக்கா?"ன்னு கேட்டேன். பையன் போன்ல போட்டோ வச்சிருந்தான். பொறந்த நாடு சவுத் ஆப்பிரிக்கான்னு தெளிவா போட்டிருக்கு. ஒரு மனுஷன் ரெண்டு நாட்டுல பொறக்க முடியுமா?

இது சும்மா விளையாட்டு இல்ல. மலேசியாவுல என்ன ஆச்சுன்னு பாருங்க. 2025 ஜூன்ல வியட்நாமை 4-0னு அடிச்சாங்க, ஊரே கொண்டாடிச்சு. வெளிநாட்டுல பொறந்த 7 பேர், தாத்தா பாட்டி மலேசியாவுல பொறந்தவங்கன்னு சர்டிபிகேட் கொடுத்திருந்தாங்க. ஃபிஃபா ஒரிஜினல் ரெக்கார்டைத் தேடி எடுத்தா ஒருத்தரோட பாட்டி ஸ்பெயின், இன்னொருத்தரோட தாத்தா அர்ஜென்டினா, அப்புறம் பிரேசில், நெதர்லாந்து. செப்டம்பர்ல அந்த 7 பேருக்கும் 12 மாசம் தடை, ஆளுக்கு 2,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதம், மலேசிய ஃபுட்பால் சங்கத்துக்கு 3,50,000 ஃபிராங்க். ஒரு தேசத்தோட சங்கம் கொடுத்த பேப்பரையே தோண்டி எடுத்தவங்க, வேலூர் பக்கம் எவனோ ஜெராக்ஸ் கடையில அடிச்ச பேப்பரை விட்டுருவாங்களா? அந்தப் பேப்பரை எங்கயாவது கொடுத்திருந்தா மாட்டப் போறது ஏஜென்ட் இல்ல, கையெழுத்துப் போட்ட அம்மாவும் அந்தப் பையனும்தான். அவன் ஆட்டமே அதோட முடிஞ்சிருக்கும்.

"பக்கத்துல மொரீஷியஸ்ல வெளிநாட்டுல பொறந்தவங்க ஆடுறாங்களே சார்"னு ஒரு அப்பா என்கிட்ட சண்டைக்கே வந்தார். ஆடுறாங்கதான். கெவின் புரூ பாரிஸ்ல பொறந்து மொரீஷியஸுக்கு ஆடினார், லிண்ட்சே ரோஸ் பிரான்ஸ்ல ரென்ல பொறந்தவர். மொரீஷியஸ் ரெட்டைக் குடியுரிமையை ஒத்துக்குது, அதனால நடக்குது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேற வேற. அதே அப்பா அடுத்து "அப்ப ஸ்ரீலங்காவுக்கு ஆடலாமா, அவங்களும் தமிழ்தானே"ன்னார் பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஸ்ரீலங்கா டீம்ல வாசிம் ரசீக் ஜெர்மனில பொறந்தவர், டில்லன் டி சில்வா லண்டன்ல பொறந்தவர், எல்லாம் சரி, ஆனா அவங்க குடும்பம் அந்தத் தீவுல இருந்து போனது. தமிழ் பேசினா போதும்னா நானே போய் கோல்கீப்பரா நின்னுருவேன்.

இன்னொரு குழப்பம் இந்தப் பக்கத்துல இருந்து வருது. 2025 மே மாசம் இங்க கான்ஸ்டிடியூஷனல் கோர்ட், வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினா தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானா போயிரும்ங்கிற அந்தப் பழைய சட்டப்பிரிவு செல்லாதுன்னு சொல்லிருச்சு. நல்ல தீர்ப்பு, எத்தனையோ பேருக்கு நிம்மதி. ஆனா அதைப் படிச்சிட்டு "இனிமே ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம்"னு கிளம்பி வர்றாங்க. ஐயா, தீர்ப்பு சொன்னது இந்த நாட்டுக் கோர்ட். இந்தப் பக்கம் கதவு தொறந்திருக்கு, இந்தியா பக்கம் பூட்டித்தான் இருக்கு.

நேர் வழியே இல்லையான்னா, இருக்கு. பையன் 18 முடிஞ்சு இந்தியாவுக்குப் போகணும், ஏதாவது ஒரு கிளப் அவனை வெளிநாட்டு ஆளா எடுத்துக்கணும், அந்தக் கோட்டாவுல பிரேசில்காரனோட ஸ்பெயின்காரனோட போட்டி போட்டு நிக்கணும், 5 வருஷம் அங்கயே இருக்கணும். ஓசிஐ வாங்கி 5 வருஷம் ஆகி, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி 12 மாசம் இந்தியாவுல இருந்திருந்தா குடியுரிமைக்குப் போடலாம். அப்புறம் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை விடணும். அதுக்கு அப்புறம் டர்பனுக்கு அம்மாவைப் பாக்க அவன் இந்திய பாஸ்போர்ட்லதான் வரணும். இதை நான் சொன்னப்பதான் அந்த அம்மா முதல் தடவையா என்னை நிமிர்ந்து பாத்தாங்க. இவ்வளவு நாளும் இந்த ஒரு வரியை ஏஜென்ட் சொல்லவே இல்லையாம்.

ஏஜென்ட்னு எவன் வந்தாலும் முதல்ல ஃபிஃபா லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, பேர் ஃபிஃபா வெப்சைட்லயே இருக்கும், போன்ல ரெண்டு நிமிஷ வேலை. ட்ரயலுக்குக் காசு கேட்டா எழுந்து வந்துருங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பையனை வேற நாட்டுக் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா போனையே வச்சுருங்க, சில விதிவிலக்கு தவிர ஃபிஃபாவே அதைத் தடுத்து வச்சிருக்கு. பெத்தவங்க வேற வேலையா குடி போறது அதுல ஒண்ணு, ஃபுட்பாலுக்காகக் குடி போறது அதுல சேராது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை எவன் கையிலயும் கொடுக்காதீங்க. கொடுத்துட்டுத்தான் என்கிட்ட வர்றீங்க, எத்தனை தடவைதான் சொல்றது.

அந்தப் பையனை வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல. ஷிப் லிஸ்ட், அதாவது கப்பல்ல வந்த கூலிங்களோட பட்டியல், பாத்தியாடான்னு கேட்டேன், பாத்ததில்லையாம். அந்தக் குடும்பத்துல வச்சிருந்த பழைய கூலி நம்பரை (ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த பதிவு நம்பர்) வச்சுத் தேடினேன், கிடைச்சது. எள்ளுத்தாத்தா, வயசு 22, அப்பா பேரு, கிராமம், தாலுகா, ஜில்லா வட ஆற்காடு. ஆக வட ஆற்காடு உண்மைதான், ஏஜென்ட் தெரியாமலே பாதி சரியாச் சொல்லியிருக்கான். பையன் அந்த வரியை மூணு தடவை படிச்சான், ஊர்ப் பேரை வாயில வச்சு உருட்டிப் பாத்தான். அப்புறம் நான் அவனுக்கு மேனிங் ரேஞ்சர்ஸ் கதையைச் சொன்னேன். அவன் பேட்டைல இருந்து போன கிளப்பு, 1996-97ல தென்னாப்பிரிக்காவோட பெரிய லீக் பிஎஸ்எல்லோட முதல் கப்பையே தூக்கினது, இந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியல. 1992ல நிறவெறிக் காலத் தடையெல்லாம் முடிஞ்சு பஃபானா பஃபானா (நம்ம தென்னாப்பிரிக்க ஃபுட்பால் டீம்) திரும்பி வந்து கேமரூனை 1-0னு ஜெயிச்சதும் இதே டர்பன் கிங்ஸ் பார்க்லதான். சேனுரன் முத்துசாமி கிரிக்கெட்ல என்ன பண்ணினார், டர்பன்ல பொறந்த பிள்ளை, தென்னாப்பிரிக்காவுக்கு ஆடி 2025ல குவாஹாட்டில இந்தியாவுக்கு எதிராவே 109 அடிச்சார்.

ஷிப் லிஸ்ட் பாக்கணும்னா யார் வேணும்னாலும் வாங்க, அதுக்கு நான் காசு வாங்குறதில்லை. ஓசிஐயும் எடுங்க, ஊருக்குப் போய் குலசாமியைப் பாத்துட்டு வர அது அருமையான கார்டு, நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன். வரும்போது கூலி நம்பர் தெரிஞ்சா அதையும், அப்பா தாத்தாவோட அன்அப்ரிட்ஜ்ட் பர்த் சர்டிபிகேட்டும் கொண்டு வாங்க, கல்யாண சர்டிபிகேட்டும். பேப்பர்ல முதலியார் மூட்லி ஆகியிருந்தா, பிள்ளை பில்லே ஆகியிருந்தா பயப்பட வேண்டாம், அஃபிடவிட்ல சரி பண்ணிக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தொறந்திருப்பேன். தயவுசெஞ்சு எதையும் லாமினேட் மட்டும் பண்ணிக் கொண்டு வராதீங்க.