எழுந்து நிற்கும் தரவுத்தளமும் தவறாக இருக்கலாம்

வீட்டுச் சர்வரில் டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு செயலியையும் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் முறை) சில செயலிகளை நடத்திவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரெஸ்டிக் மென்பொருள் ஒவ்வோர் இரவும் பேக்கப் எடுக்கிறது, சரிபார்ப்புக் கட்டளையும் பிழை எதையும் காட்டுவதில்லை; பிறகு எதற்காக மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும்?” அன்று வட்டிலிருந்து படித்த பைட்டுகள் இன்றும் மாறாமல் இருக்கின்றன என்பதைத்தான், தரவு முழுவதையும் படிக்கச் சொன்னால்கூட, அந்தச் சரிபார்ப்பு உறுதிசெய்யும். அவையனைத்தும் ஒரே கணத்தைச் சேர்ந்தவைதானா என்பதை அதனால் அறிய முடியாது.

கன்டெய்னரின் அமைப்பு தெரிந்ததுதான். கன்டெய்னருக்கு வார்ப்பாக இருக்கும் இமேஜின் அடுக்குகளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். அவற்றின்மேல் உள்ள எழுதக்கூடிய அடுக்கு, கன்டெய்னரை நீக்கும்போது உடன் போய்விடும். ஆகவே காக்க வேண்டியவை செயலிகளின் தரவு தங்கும் வால்யூம்கள், கன்டெய்னர்களின் அமைப்பை விவரிக்கும் கம்போஸ் கோப்பு, கடவுச்சொற்கள் அடங்கிய சூழல் மாறிக் கோப்பு ஆகியவை. இவற்றுள் தொல்லை தருவது தரவுத்தளம் குடியிருக்கும் வால்யூம்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் தன் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு பதிவைத் திருத்தினால் பக்கம் நினைவகத்தில்தான் மாறுகிறது. வட்டுக்கு முதலில் போய்ச் சேருவது, இன்ன பக்கத்தில் இன்ன மாற்றம் என்னும் குறிப்பு மட்டுமே. மாறிய பக்கங்கள் பிறகு சாவகாசமாக எழுதப்படும். அதுவரையிலான மாற்றங்கள் எல்லாம் வட்டில் சேர்ந்துவிட்டன என்று முத்திரையிடும் இடம் செக்பாயின்ட். இயல்பான அமைப்பில் அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழும். திடீரென மின்சாரம் நின்றாலும் கவலையில்லை: கடைசி செக்பாயின்ட் எது என்பதைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் பார்த்து, அதற்குப் பிந்தைய குறிப்புகளை வரிசையாக மீண்டும் செயல்படுத்தினால் எல்லாம் பழையபடி கூடிவிடும். இந்த நுட்பத்தை ‘ஏரிஸ்’ என்னும் பெயரில் முழுமையாக வகுத்து 1992-இல் வெளியிட்டவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் சி. மோகனும் அவருடைய சகாக்களும். உடனடி லாபம் கேட்காமல் இத்தகைய அடிப்படை ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் இன்னும் பல வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் கோப்பு கோப்பாக நகலெடுப்போம். அட்டவணைக் கோப்பு 2.00 மணிக்கு நகலாகிறது, 2.03-க்கு ஒரு செக்பாயின்ட். கட்டுப்பாட்டுக் கோப்பும், பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்பும் 2.04-க்கு நகலாகின்றன. மீட்டெடுத்ததும் போஸ்ட்கிரெஸ் 2.03-இலிருந்துதான் குறிப்புகளைச் செயல்படுத்தத் தொடங்கும். அதற்கு முந்தைய மாற்றங்கள் பக்கங்களில் ஏற்கெனவே ஏறிவிட்டதாக அது நம்புகிறது. நகலிலுள்ள அட்டவணையோ 2.00 மணிக்குரியது. இடைப்பட்ட மூன்று நிமிடப் பதிவுகளை இண்டெக்ஸ் அறியும், அட்டவணை அறியாது. கைபேசியை மெல்லத் திருப்பி அகலப் படம் எடுக்கும்போது, நடுவே ஓடியவர் இரண்டு இடத்தில் தெரிவதும் எங்குமே தெரியாமல் போவதும் இதே காரணத்தால்தான். இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, எந்தப் பிழைச் செய்தியும் இன்றித் தரவுத்தளம் எழுந்துவிடக்கூடும் என்பதே.

கன்டெய்னரை நிறுத்திவிட்டு நகலெடுப்பது எளிய தீர்வு. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளின் ஸ்னாப்ஷாட், குறிப்புகளையும் பக்கங்களையும் ஒரே கணத்தில் உறையவைப்பதால், அதிலிருந்து மீள்வது மின்தடையிலிருந்து மீள்வதற்கு ஒப்பாகும். போஸ்ட்கிரெஸின் பிஜி_டம்ப் கட்டளையும் ஒரே கணத்தின் காட்சியையே எழுதித் தருகிறது. ஆனால் அது வெற்றியுடன் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் தன் முதன்மைத் தரவை இழந்தபோது, 9.6 பதிப்புத் தரவுத்தளத்தின்மேல் 9.2 பதிப்பின் பிஜி_டம்ப் ஏவப்பட்டு, தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. பச்சைக் குறியை நம்பி உறங்குவதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

மீட்டெடுப்புச் சோதனையை வேறொரு கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ செய்ய வேண்டும். வெளியுலக இணைப்பைத் துண்டிக்காவிட்டால், மீண்டெழுந்த செயலி உண்மையான முகவரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிடலாம். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் பழைய சர்வரில் மட்டும் இருந்தால் சோதனை அங்கேயே நின்றுவிடும். இமேஜின் பதிப்பும் முக்கியம்: போஸ்ட்கிரெஸ் 15-இன் தரவு அடைவை 16 திறக்காது. கோப்பு உரிமையாளர் எண்கள் மாறியிருந்தாலும் செயலி எழுதும்போது தடுமாறும். செயலி திறந்ததும் முகப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல், பேக்கப் எடுத்த நேரத்துக்குச் சற்று முந்தைய பதிவைத் தேடி, அதன் இணைப்புக் கோப்பையும் திறந்து பார்க்கலாம். அதன்பின் போஸ்ட்கிரெஸின் சரிபார்ப்புக் கருவியான பிஜி_ஆம்செக்கை இயக்கினால், அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்பதையும் அதற்குரிய தெரிவைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.