ஒன்பதாம் மாத ஊசி: எத்தனை மணிக்குக் கலந்தார்கள் என்று கேளுங்கள்

புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாயிடம் என்ன ஊசி என்று கேட்டால், “ஒன்பதாம் மாத ஊசி” என்பார். அட்டையில் அதன் பெயர் எம்.ஆர். தட்டம்மை, ரூபெல்லா என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி. மத்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது முற்றிலும் இலவசம். முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், 12 மாதத்துக்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தவறிப்போனால் 5 வயது வரை போடலாம். 9 மாதத்தில் போடும் தவணை 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் தட்டம்மைக்கு எதிரான பாதுகாப்பைத் தருகிறது. அதனால்தான் இரண்டாவது தவணையை விடக்கூடாது.

2017 பிப்ரவரியில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த ஊசியைப் போடும் முகாம் தொடங்கியபோது, முதல் சுற்றிலேயே தமிழ்நாடும் இருந்தது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதை நினைவில் வைத்திருக்கும் ஊரில் “பயப்படாதீர்கள்” என்று மட்டும் சொன்னால் போதாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

இந்த மருந்து தூளாக வருகிறது. குப்பியின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே நிறுவனம் தரும் கலவை நீரை, அதுவும் குளிரூட்டிய நிலையில், ஊற்றிக் கலக்கிய பிறகே போட வேண்டும். கலந்த மருந்தில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. ஆகவே கலந்து 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதி எவ்வளவு இருந்தாலும் அப்புறப்படுத்திவிட வேண்டும். வேறு சில தடுப்பு மருந்துக் குப்பிகளைத் திறந்த பிறகும் அடுத்த முகாமுக்கு வைத்துக்கொள்ளலாம். இதை வைத்துக்கொள்ளவே கூடாது.

2017இல் தெற்கு சூடானில் மருந்து கலக்க ஒரே சிரிஞ்சை நான்கு நாள் பயன்படுத்தினார்கள். மருந்தைக் குளிரிலும் வைக்கவில்லை. 15 குழந்தைகள் இறந்தன. 2018 ஜூலையில் சமோவாவில், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியைக் கலக்க, நீருக்குப் பதிலாகக் காலாவதியான மயக்க மருத்துவ மருந்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. செவிலியர் இருவர் சிறை சென்றனர். தடுப்பூசியில் குற்றமில்லை, ஆனால் அதன் மேல் இருந்த நம்பிக்கை உடைந்துபோனது. திட்டமும் பல மாதம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு தட்டம்மை பரவியபோது, சுமார் 2 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவு நாட்டில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

என் தங்கை மகளுக்கு ஊசி போடப் போனபோது, “சிஸ்டர், இது எத்தனை மணிக்குக் கலந்தது?” என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஐஸ் பேக்கின் குழியில் நிறுத்தியிருந்த பழுப்புநிறக் குப்பியை எடுத்து, லேபிளில் பேனாவால் எழுதியிருந்த 10.20 என்ற நேரத்தைக் காட்டினார். அப்போது மணி 11 தாண்டவில்லை. நேரம் எழுதாத குப்பியாக இருந்தால் புதிய குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ அந்தக் குப்பி வேண்டாம். சிரிஞ்ச் ஒருமுறைக்கு மேல் இழுக்க முடியாத வகையைச் சேர்ந்தது. உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். “இன்னும் குழந்தைகள் சேரட்டும், அடுத்த வாரம் வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவதும் சரியல்ல. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், எடைக் குறைவு இவற்றுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மெலிந்த குழந்தையைத்தான் தட்டம்மை கடுமையாகத் தாக்கும். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தாலோ, ஸ்டீராய்டு மருந்து அதிக அளவில் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். கடும் ஒவ்வாமை அரிதுதான். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், மருந்தும் அங்கே கையிருப்பில் இருக்கும்.

காய்ச்சல் எப்போது வருகிறது என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து, 7 முதல் 12 நாளுக்குள், லேசான காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் வந்தால் அது ஊசியின் இயல்பான விளைவு, தானே அடங்கும். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ கடும் காய்ச்சல், வாந்தி, நீராகப் பேதி எல்லாம் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றக் குழந்தைகளையும் உடனே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் கிராம சுகாதார செவிலியருக்கும் அப்போதே தகவல் சொல்லுங்கள்.